கோதுமை பீர் என்றால் எந்தக் கோதுமை பீர்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒருவரை மச்சான், அங்கேயே பீர் தயாரித்து விற்கும் ஒரு மைக்ரோப்ரூவரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே குடித்த கோதுமை பீர் இவருக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. மச்சானோ, "அது புதுசா வர்றவங்க குடிக்கிறது, கிராஃப்ட் பீர்னா ஐபிஏதான்" என்றாராம் (ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல், கசப்பு தூக்கலான ஒரு பீர்). கூட வந்த நண்பர், இரண்டும் வேண்டாம், ஒழுங்காகச் செய்த லாகருக்கு, அதாவது குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீருக்கு, ஈடு கிடையாது என்றிருக்கிறார். இதில் இன்னொரு குழப்பம்: ஊருக்குத் திரும்பிய பிறகு பாட்டிலில் கிடைத்த வேறொரு கோதுமை பீரை வாங்கிப் பார்த்தால், அது கேள்வி கேட்டவருக்கே பிடிக்கவில்லை. யார் சொல்வது சரி, பெயர் ஒன்றாக இருந்தும் ருசி ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்டிருக்கிறார்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். நீங்கள் ரசித்த அந்த ருசியில் கோதுமைக்குப் பெரிய பங்கு கிடையாது. கோதுமை பீரைப் பற்றி நடக்கிற விவாதங்களில் முக்கால்வாசி, ஆளாளுக்கு வேறு வேறு பீரை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருகிறது.

நான் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஃப்ரைசிங் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். ஊருக்கு மேலே குன்றில் வைஹென்ஸ்டெஃபான் மதுவாலை இருக்கிறது. 1040இலிருந்து பீர் தயாரித்து வருவதாகச் சொல்லிக்கொள்ளும் இடம். அதை ஒட்டியே பீர் தயாரிப்பைப் பட்டப்படிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழக வளாகம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சும்மா இருக்க முடியாது. வீட்டில் பீர் தயாரிக்கும் ஒரு சின்ன நண்பர் குழுவில் சேர்ந்தேன். அங்கே நாங்கள் செய்த ஒரு சோதனை என் எண்ணத்தையே மாற்றியது.

பாதி கோதுமை மால்ட், பாதி பார்லி மால்ட். மால்ட் என்றால் வேறொன்றும் இல்லை, முளைகட்டி உலர்த்திய தானியம்தான். அதை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவைக் கொஞ்சம் போட்டுக் காய்ச்சி, 20 லிட்டர் எடுத்தோம். ஆறவைத்து இரண்டு பாத்திரங்களில் பத்துப் பத்து லிட்டராகப் பிரித்தோம். ஒன்றில் பவேரிய கோதுமை பீர் ஈஸ்ட், இன்னொன்றில் அமெரிக்க ஏல் ஈஸ்ட் (ஏல் என்பது லாகரைப் போலக் குளிரில் இல்லாமல் அறை வெப்பத்தில் நொதிக்கும் பீர்). ஒரே அறை, ஒரே வெப்பம். மூன்று வாரம் கழித்து, விவரம் சொல்லாமல் நண்பர்களிடம் நீட்டினோம். முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே நன்றாகப் பழுத்த ரஸ்தாளியின் வாசம், பின்னாலேயே கிராம்பு. இரண்டாவதில் இரண்டும் இல்லை. ரொட்டி போன்ற மெல்லிய மணம், லேசான புளிப்பு, அவ்வளவுதான். இரண்டும் ஒரே அடுப்பில் ஒரே பானையில் காய்ச்சியவை என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் கோதுமை என்னதான் செய்கிறது? நிறையச் செய்கிறது, ஆனால் வாசனையில் அல்ல. கோதுமையில் புரதம் அதிகம். அதனால்தான் கோப்பையின் மேல் அந்தக் கனத்த, சீக்கிரம் கலையாத வெள்ளை நுரை. நாக்கில் பட்டுப் போல வழவழப்பாக இறங்குவதும் மங்கலான நிறமும் பெரும்பாலும் அதன் வேலை. கூடவே ஒரு தொல்லையும் உண்டு. பார்லிக்கு இருக்கிற உமி கோதுமைக்குக் கிடையாது. சாற்றை வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டியாக நிற்கும். அது இல்லாவிட்டால் மொத்தமும் களி மாதிரி இறுகி, ஒரு சொட்டு இறங்காது. வீட்டில் செய்கிறவர்கள் அதற்காகத் தனியாக நெல் உமி வாங்கிப் போடுவார்கள். ஜெர்மனியில் ஒரு பாக்கெட் நெல் உமியைக் காசு கொடுத்து வாங்கியபோது எனக்கு ஊர் ரைஸ் மில் ஞாபகம் வந்தது.

சரி, வாழைப்பழம். பவேரிய ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவாக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளையும் உண்டாக்குகிறது. பழுத்த வாழைப்பழத்தின் வாசனைக்கும் முக்கியக் காரணம் அதே பொருள்தான். ஆகவே அது வெறும் ஒப்புமை இல்லை, நிஜமாகவே வாழைப்பழ வாசம். கிராம்பு வாசம் வருகிற வழி வேறு. தானியத்தில் ஃபெரூலிக் அமிலம் இருக்கிறது. ஊறவைக்கும்போது சுமார் 45 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அது அதிகமாக வெளியே வரும். இந்த ஈஸ்ட் அதை 4-வினைல் குவாயகால் என்ற, கிராம்பு போல மணக்கும் பொருளாக மாற்றிவிடும். வழக்கமான லாகர் ஈஸ்டும், ஐபிஏவுக்குப் போடும் சுத்தமான ஈஸ்டும் இந்த வேலையைச் செய்யாது. எனவே தயாரிப்பவர் கையில் இரண்டு பிடிகள் இருக்கின்றன. நொதிக்கும் வெப்பத்தைக் கூட்டினால் பழம் தூக்கும். ஊறவைக்கும்போது 45 டிகிரியில் நிறுத்தினால் கிராம்பு தூக்கும்.

பவேரியாவிலேயே இதில் கட்சி பிரிந்திருக்கிறார்கள். வைஹென்ஸ்டெஃபான் பழத்தின் பக்கம். கெல்ஹைம் ஊரின் ஷ்னைடர் நிறத்திலும் கருமை, வாசத்திலும் கிராம்பு தூக்கல். எர்டிங்கர் மிகவும் மென்மையானது. அதனால் அது உலகமெங்கும் விற்கிறது, அதே காரணத்துக்காகவே உள்ளூர்க்காரர்கள் சிலர் அதை மட்டம் தட்டுவார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷ்னைடர் தவிர வேறெதையும் தொட மாட்டார். ருசி பார்க்க எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் கடைசியில் அவர் பக்கமே போய்ச் சேர்ந்தேன். வெறும் பழ வாசம் இரண்டாவது கோப்பையில் திகட்டும். கிராம்பு இருந்தால் மூன்றாவது வாய்க்கும் புதுசாக இருக்கும்.

இந்த பீர் இன்றைக்கு இருப்பதற்கே ஒரு நீண்ட கதை உண்டு. 1516இல் பவேரியாவில் பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்தக் கணக்கில் கோதுமை பீருக்கு இடமே இல்லை. ஆனால் டேகன்பெர்க் என்ற பிரபு குடும்பத்துக்கு மட்டும் தனி உரிமை கிடைத்தது. 1602இல் அந்தக் குடும்பம் வாரிசு இல்லாமல் முடிந்ததும் உரிமை கோமகன் முதலாம் மேக்ஸிமிலியன் கைக்கு வந்தது. அவர் அதை அரச குடும்பத்தின் ஏகபோகமாக வைத்துக்கொண்டு பெரும் வருமானம் பார்த்தார். பிறகு மக்களின் ருசி லாகர் பக்கம் திரும்பியதும் கோதுமை பீர் தேய்ந்தது. 1872இல் கியோர்க் ஷ்னைடர் என்பவர் மன்னர் இரண்டாம் லூட்விக்கிடமிருந்து அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றார். அந்தக் குடும்பம்தான் இன்றைக்கும் கெல்ஹைமில் அந்த மதுவாலையை நடத்துகிறது. ஜெர்மனியில் இந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் மால்ட்டில் குறைந்தது பாதி கோதுமையாக இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி.

இது ஒரு கோதுமை பீர். இதை ஹெஃபெவைசன் என்றும் வைஸ்பியர் என்றும் சொல்வார்கள். பெங்களூரில் நீங்கள் குடித்தது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கோதுமை பீர் பெல்ஜியத்தினுடையது. விட்பியர் என்று பெயர். இதில் கோதுமையை முளைகட்டாமல் பச்சையாகவே போடுவார்கள். கூடவே இடித்த தனியாவும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சேரும். ஆமாம், நம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும் அதே தனியா. ஆனால் நாம் சாம்பார்பொடிக்கு வறுக்கும்போது எழும் வாசம் இதில் வராது. வறுக்காத தனியாவை விரலில் நசுக்கி மோந்து பாருங்கள், எலுமிச்சை போல ஒன்று வரும். அதுதான் விட்பியரின் வாசம்.

இந்த வகை ஒரேயடியாக அழிந்துபோய்த் திரும்பி வந்தது. ஹூகார்டன் கிராமத்தில் ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மதுவாலைகள் இருந்தன. 1950களின் பிற்பகுதியில் கடைசி மதுவாலையும் மூடிவிட்டது. அந்த மதுவாலையில் இளம் வயதில் உதவிக்கு நின்றிருந்தவர் பியேர் செலிஸ் என்ற பால்காரர். பழைய பீர் இல்லாமல் ஊர்க்காரர்கள் ஏங்குவதைப் பார்த்து, 1960களின் நடுவில் தானே அதைத் தயாரிக்கத் தொடங்கினார். அது பரவி, பெரிய மதுவாலையாக வளர்ந்தது. 1985இல் தீப்பிடித்தது. திரும்பக் கட்டப் பெரிய நிறுவனத்தின் பணம் தேவைப்பட்டது, பணத்தோடு அவர்களுடைய கட்டுப்பாடும் வந்தது. அவர் விற்றுவிட்டு வெளியேறி, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 1992இல் மறுபடியும் ஒரு மதுவாலை தொடங்கினார். உலகில் இன்று எங்கே விட்பியர் கிடைத்தாலும் அதன் வேர் இந்த ஒரு மனிதரிடம் போய் முடியும். பீர் உலகத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆள் இவர்தான். ஒரு ருசி மறந்துபோவதற்கு ஒரு தலைமுறை போதும். அதைத் திரும்பக் கொண்டுவர, அதை நாக்கில் வைத்திருந்த ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2015இல் வந்த பிரா 91 வொயிட் இந்தப் பெல்ஜிய வழியின் பக்கம் சாய்வது. ஆரஞ்சு, தனியா, மிகக் குறைந்த கசப்பு. ஹெஃபெவைசனை எதிர்பார்த்து இதைக் குடித்தால் 'வாழைப்பழம் எங்கே' என்று தோன்றும். இதை எதிர்பார்த்து ஹெஃபெவைசனைக் குடித்தால் 'இது என்ன பஞ்சாமிர்தம் மாதிரி' என்று தோன்றும். இரண்டுமே நல்ல பீர்தான். எதிர்பார்ப்புதான் இடம் மாறிவிட்டது.

மூன்றாவது அமெரிக்க கோதுமை பீர். ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் விட்மர் சகோதரர்கள் 1986இல் வடிகட்டாத கோதுமை பீரை விற்கத் தொடங்கினார்கள். பெயர் ஹெஃபெவைசன் என்றுதான் இருந்தது, ஈஸ்ட் மட்டும் பவேரியாவுடையது அல்ல. வாழைப்பழமும் கிராம்பும் அதில் இல்லை. எங்கள் சோதனையின் இரண்டாவது கோப்பை மாதிரி. அதன் மேல் எலுமிச்சைத் துண்டு செருகும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. அந்தத் துண்டைப் பார்த்தால் பவேரியக்காரருக்குக் கோபம் வரும். காரணம் இல்லாமல் இல்லை. தோலில் இருக்கும் எண்ணெய் பட்டதும் நுரை சரியத் தொடங்கும், மெல்லிய வாசனைகளை எலுமிச்சை மூடிவிடும். அமெரிக்க வகையில் மூடுவதற்கு அதிகம் இல்லை என்பதால் அங்கே அது பொருந்துகிறது. ஹெஃபெவைசனில் தயவுசெய்து வேண்டாம்.

நான்காவது, புளிப்புக் குடும்பம். இதைத் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எனக்கு மிகவும் எளிது. இட்லி மாவை யாரும் ஈஸ்ட் பாக்கெட் வாங்கிப் புளிக்கவைப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கிற நுண்ணுயிர்கள், கை, பாத்திரம், அன்றைய வெயில் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்ற பீர் கிட்டத்தட்ட அப்படித்தான் பிறக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு முளைகட்டாத கோதுமை. காய்ச்சிய சாற்றை, பரந்து ஆழமில்லாத செம்புத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைத்து ஆறவிடுவார்கள். காற்றில் வருவதும் கட்டடத்தில் குடியிருப்பதும் அதில் இறங்கும். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும் என்பதால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் செய்வார்கள். பிறகு மரப்பீப்பாயில் ஒன்று, இரண்டு, மூன்று வருடம். வெவ்வேறு வயதுப் பீப்பாய்களைக் கலந்தால் அதன் பெயர் கூஸ். ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கும் கான்டில்யான் மதுவாலைக்குள் நுழைந்தபோது அந்தக் கட்டடமே பழைய மரமும் புளிப்புமாக மணந்தது. இன்றும் என்னால் அந்த வாசத்தை நினைவுக்குக் கொண்டுவர முடியும்.

பெர்லினர் வைஸ இதைவிட எளியது. மூன்று சதவீத மது, தயிர் போன்ற புளிப்பு. பெர்லினில் பச்சை அல்லது சிவப்புப் பாகு ஊற்றிக் குடிப்பார்கள். லைப்சிக் நகரத்தின் கோசெயில் தனியாவோடு உப்பும் சேரும். முதல் வாய் குடித்தவுடன் எனக்குத் தோன்றியது உப்பு போட்ட மோர். ஐரோப்பிய நண்பர்கள் முகம் சுளித்த இடத்தில் எனக்கு அது வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. புளிப்பையும் உப்பையும் சேர்த்துக் குடித்துப் பழகிய நாக்கு நம்முடையது. ஆகவே புளிப்பு பீர் யாருக்கும் சுலபத்தில் பிடிக்காது என்று யாராவது சொன்னால், உங்கள் விஷயத்தில் அதை நம்ப வேண்டாம்.

ஆக, 'எனக்குக் கோதுமை பீர் பிடிக்காது' என்று ஒருவர் சொன்னால், பழமா, தனியாவா, வெறும் ரொட்டியா, புளிப்பா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த நான்குக்கும் பொதுவாக இருப்பது கோதுமை மட்டும்தான்.

இப்போது உங்கள் பாட்டில் விஷயம். அது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அது ஹெஃபெவைசனாகவே இருந்தாலும் ருசி மாறியிருக்க நல்ல காரணம் இருக்கிறது. வாழைப்பழ வாசம் நிலைத்து நிற்பதில்லை. மாதங்கள் போகப்போக அந்தப் பொருள் சிதைந்து குறைகிறது, சூட்டில் இன்னும் வேகமாக. கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, கடையின் வெளிச்சத்தில் நின்ற பாட்டிலில் கோதுமை மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதை வைத்து அந்த வகையையே எடைபோட்டவர்கள் நிறையப் பேர். மைக்ரோப்ரூவரியில் கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிற தொட்டியிலிருந்து நேராகக் கோப்பைக்கு வருகிறது. ஹெஃபெவைசனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பெங்களூரில் ஏறக்குறைய எல்லா மைக்ரோப்ரூவரியிலும் ஹெஃபெவைசன் இருப்பதற்கு, மக்கள் விரும்புவது ஒரு காரணம் என்றால், தொட்டிக் கணக்கு இன்னொரு காரணம். இந்திராநகரில் டாய்ட் 2010இல் வந்தது. அதற்கடுத்த சில வருடங்களில் ஊரெங்கும் பெருகின. இடவாடகை அதிகம், தொட்டிகள் குறைவு. ஹெஃபெவைசன் இரண்டு வாரத்தில் தயார். வடிகட்ட வேண்டாம். இறக்குமதி ஹாப்ஸ் கொஞ்சம்தான் வேண்டும். கசப்பு குறைவு என்பதால் புதிதாக வருகிறவர் முகம் சுளிக்க மாட்டார். ஒரு நல்ல லாகர் அதே தொட்டியை ஐந்தாறு வாரம் அடைத்துக்கொண்டு நிற்கும்.

உங்கள் மச்சான் சொன்ன 'புதுசா வர்றவங்க' என்ற பேச்சு இங்கிருந்துதான் முளைத்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிக்கிறது என்பது உண்மை. அதனால் அது எளிய பீர் என்று முடிவு கட்டுவது தப்பு. அடை எல்லோருக்கும் பிடிக்கும், அதற்காக நல்ல அடை வார்ப்பது எளிது என்று யாராவது சொல்வார்களா? ஹெஃபெவைசனில் ஈஸ்டின் அளவு, வெப்பம், ஊறவைத்த விதம், தொட்டியின் ஆழம் எல்லாமே வாசனையில் தெரியும். இரண்டு டிகிரி தவறினால் வாழைப்பழ மிட்டாய் ஆகிவிடும். நானே ஒரு ஜூலை மாதம் வெப்பத்தைக் கவனிக்காமல் விட்டு, 20 லிட்டரையும் கீழே ஊற்றியிருக்கிறேன்.

ஐபிஏ பற்றி மச்சானின் ஆசை எனக்குப் புரிகிறது. அங்கே பேசுவது ஹாப்ஸ். அது ஒரு கொடியின் பூ. சீக்கிரம் போட்டுக் காய்ச்சினால் கசப்பு, கடைசியில் போட்டால் வாசம். தாளிப்பை முதலில் போடுவதற்கும் இறக்கும்போது மல்லித்தழை தூவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அமெரிக்காவில் 1972இல் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் வெளியானது. பம்பளிமாஸ் போன்ற கிரேப்ஃப்ரூட் பழமும் பூவும் கலந்த அதன் வாசத்தை 1980இல் வந்த சியரா நெவாடா பேல் ஏல் ஊரறியச் செய்தது. இன்றைய கிராஃப்ட் பீர் இயக்கம் பெரும்பாலும் அந்த வாசத்தின் மேல் எழுந்தது. கசப்பை அளக்கும் ஐபியூ கணக்கில் ஹெஃபெவைசன் 8 முதல் 15 வரை, அமெரிக்க ஐபிஏ 40 முதல் 70 வரை. அதிலிருந்து இதற்கு வருகிறவருக்கு இது தண்ணீர் போலத் தோன்றும். பாகற்காய்க்கு அடுத்து வெள்ளரிக்காய் தின்றால் வெள்ளரியின் ருசி எங்கே தெரியும்?

ஐபிஏ பெயரில் இருக்கும் 'இந்தியா' பற்றி ஒரு வார்த்தை. கப்பலில் கெட்டுப்போகாமல் இருக்கவே கசப்பும் மதுவும் கூட்டிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையை மைக்ரோப்ரூவரிகளின் சுவரில்கூட எழுதி வைத்திருப்பார்கள். உண்மை அவ்வளவு நேராக இல்லை. லண்டனில் 'போ' (Bow) என்ற பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் மதுவாலை, ஏற்கெனவே இங்கிலாந்தில் இருந்த பீர் வகைகளைத்தான் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலேற்றியது. கறுப்பு பீரான போர்ட்டரும் அதே கப்பல்களில் கெடாமல் வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு 1820களில் பர்ட்டன் ஊர் மதுவாலைகள் அந்தச் சந்தைக்குள் நுழைந்தன. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அது ஹாப்ஸ் கசப்பைத் துல்லியமாக எடுத்துக்காட்டியது.

மச்சானுக்குச் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. இப்போது பிரபலமாக இருக்கிற மங்கலான ஐபிஏ, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் பக்கம் தொடங்கியது, பெரும்பாலும் கோதுமையும் ஓட்ஸும் போட்டே செய்யப்படுகிறது. அந்தப் பழச்சாறு போன்ற நிறமும் வழவழப்பும் அவற்றால் வருவது. கோதுமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் கையில் பிடித்திருப்பதிலும் கோதுமை இருக்கலாம். 2007இல் ஷ்னைடரும் நியூயார்க்கின் ப்ரூக்ளின் மதுவாலையும் சேர்ந்து, பவேரிய ஈஸ்டோடு ஹாப்ஸை வாரிப் போட்டு ஒரு கோதுமை பீர் செய்தார்கள். அந்த வழியில் வந்த ஹோப்ஃபன்வைஸ இன்றும் 8.2 சதவீத மதுவோடு கிடைக்கிறது. வாழைப்பழமும் ஆரஞ்சுத் தோலும் மிளகும் சேர்ந்தாற்போல இருக்கும். எங்காவது பார்த்தால் மச்சானுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

லாகர் நண்பரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்று பேரில் அவர் சொன்னதுதான் சொல்லக் கடினமானது, ஏனென்றால் இந்தியாவில் லாகர் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது, அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ சேர்த்து, ஸ்ட்ராங் என்று பெயர் வைத்து, உறைகிற குளிரில் ஊற்றுகிற பீர். அவர் சொல்வது அதையல்ல. 1842 அக்டோபரில், இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் யோசஃப் க்ரோல் என்ற பவேரியக்காரர் முதல் பொன்னிற லாகரைத் தயாரித்தார். மென்மையான தண்ணீர், வெளிர் மால்ட், சாட்ஸ் பகுதியின் ஹாப்ஸ். பத்து டிகிரி அளவில் மெதுவாக நொதித்து, உறைநிலைக்கு அருகில் வாரக்கணக்கில் கிடக்கும். அதில் மறைக்க எதுவுமில்லை. கொஞ்சம் அவசரப்பட்டால் வெண்ணெய் வாசம் வரும், காய்ச்சியது போதாவிட்டால் வேகவைத்த மக்காச்சோள வாசம் வரும். புதிய மைக்ரோப்ரூவரிக்குப் போனால் நான் முதலில் கேட்பது அவர்களுடைய பில்ஸ்னரை, அதாவது இந்தப் பில்சன் வகை லாகரைத்தான். அது நன்றாக இருந்தால் மற்றதை நம்பிக் குடிக்கலாம். கொலோன் நகரத்தின் கோல்ஷ் ஏலுக்கும் லாகருக்கும் நடுவில் நிற்பது, ஏல் ஈஸ்டில் நொதித்து லாகர் போலக் குளிரில் வைப்பார்கள். பெங்களூரில் கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்டௌட் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. வறுத்த பார்லி, டிகாக்‌ஷன் போன்ற கசப்பு. ஃபில்டர் காபி குடிப்பவர்கள் அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. இலங்கையின் லயன் ஸ்டௌட், நுவரெலியாவில் தொடங்கிய மதுவாலையின் வழிவந்தது, 8.8 சதவீதம். வெளிநாட்டு பீர் விமர்சகர்கள் மதிக்கும் பீர் அது.

அடுத்த முறை போகும்போது முழுக் கோப்பை வாங்காமல் சின்னக் கோப்பைகளில் தரும் சாம்ப்ளர் கேளுங்கள். பில்ஸ்னரில் தொடங்கி, விட்பியர், ஹெஃபெவைசன், பிறகு ஐபிஏ, கடைசியில் ஸ்டௌட். ஐபிஏவை முன்னால் குடித்தால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் வீண். பரிமாறுகிறவரிடம் கோதுமை பீர் ஜெர்மன் வகையா பெல்ஜிய வகையா என்று கேளுங்கள், ஐபிஏ தொட்டி எப்போது திறந்தது என்றும் கேளுங்கள். ஹாப்ஸ் வாசமும் வாழைப்பழம் போலவே நாளாக ஆகக் குறைவதுதான்.

பாட்டில் ஹெஃபெவைசனாக இருந்தால், உயரமான கோப்பையை முதலில் தண்ணீரில் அலசி ஈரத்தோடு வையுங்கள், இல்லாவிட்டால் நுரை வழிந்துவிடும். கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு விரல் அளவு பாட்டிலில் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டைக் கலக்கி, அதையும் மேலே ஊற்றுங்கள். அந்த வண்டலில்தான் பாதி ருசி. பவேரியாவில் இந்தக் கோப்பையைக் கனமான அடிப்பக்கத்தால்தான் இடித்துக்கொள்வார்கள். காலை பத்து மணிக்கு வெள்ளை சாசேஜ், இனிப்புக் கடுகு, முறுக்கு மாதிரி முறுக்கிய ப்ரெட்செல் ரொட்டியோடு அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

அப்புறம், குளிர். நம் ஊரில் பீர் என்றால் ஐஸ் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இரண்டு டிகிரியில் மூக்குக்கு எதுவும் எட்டாது. ஏழெட்டு டிகிரி சரியாக இருக்கும். அவர்கள் மிகவும் குளிராகக் கொடுத்தால் முதல் பாதியை அப்படியே குடித்துவிட்டு, மறுபாதியைப் பத்து நிமிடம் மேசையில் விட்டுப் பேசிக்கொண்டிருங்கள். கிராம்பு வாசம் அதற்குப் பிறகுதான் எழும்பும்.